திரும்புகிற இடம்

"இவரோட நான் கிளம்பி, முழுசாப் போய்ச் சேந்த ஒரே ஊரு இந்த துபாய்தான்" என்று எங்கள் எதிர்வீட்டு அக்கா சொல்வார். முதலில் அதை நான் வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தேன். துபாயில் கராமா பகுதியில் எதிரெதிர் வீட்டில் இருந்த சில மாதங்களிலேயே அது வேடிக்கை இல்லை, புகார் என்று புரிந்துவிட்டது.

அந்த அக்காவின் கணவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் கேப்டன் சார். உண்மையில் அவர் கேப்டன் இல்லை. விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். அங்கே பதவிகளுக்கு வேறு வேறு பெயர். மலையாளி வாட்ச்மேன் முதல் நாள் அவருடைய மீசையையும் நடையையும் பார்த்துவிட்டு 'கேப்டன்' என்று கூப்பிட்டார், அது ஒட்டிக்கொண்டது. ஊர் வேலூர்ப் பக்கம், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகிற கிராமம். நான் சொல்வது மெட்ரோ ரயில் வருவதற்கு முந்தைய துபாய். அப்போது அவர் ஷார்ஜாவில் ஒரு சரக்கு விமான கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தார்.

ஆள் வெயில் பிரியர். ஆகஸ்ட் மாதம் நாங்களெல்லாம் ஏசிக்கு அடியில் சுருண்டு கிடக்கும்போது இவர் பால்கனியில் நாற்காலி போட்டு, கொதிக்கக் கொதிக்க டீ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சார், வெந்துருவீங்க, உள்ள போங்க" என்று நான் எங்கள் பால்கனியிலிருந்து கத்துவேன். "எனக்கு இது வேணும்மா" என்பார். அவ்வளவுதான் பதில். குளிர்ந்த தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டே கிடையாது.

ஆனால் அவர் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது அதெல்லாம் இல்லை. பாதி வழியில் திரும்பி வருவதுதான்.

இரண்டு வீட்டாரும் சேர்ந்து அல் ஐன் மலைக்குப் போகலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். எலுமிச்சஞ்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டியாச்சு. மதுரைக்காரி நான், சாப்பாடு கட்டிவிட்டால் எனக்குக் கால் வீட்டில் தங்காது. இவர் என்னடாவென்றால் டீ டம்ளரோடு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாரும் ஒரு நிமிஷம் உக்காருங்க. திரும்புற இடம் எது?" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. ரோட்டில் யூ டர்ன் எங்கே வரும் என்று கேட்கிறாராக்கும் என்று என் வீட்டுக்காரர் வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"அது இல்ல. எந்த இடத்துல போய் நின்னு பாக்கப் போறோம்? என்ன கண்ணுல பட்டா மேல போறோம், என்ன பட்டா திரும்பறோம்? இத இப்பவே பேசிடணும். ரோட்ல போயிட்டா ஆசை முன்னாடி ஓடும், மூளை பின்னாடிதான் வரும்."

சரி, ஏதோ மிலிட்டரிக்காரர் பழக்கம் என்று, மலையடிவாரம் என்று பேசி முடித்தோம். மலையடிவாரத்துக்குப் போனோம். மேலே புழுதி லேசாகக் கிளம்பியிருந்தது. அதற்குள்ளேயே பல கார்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு இறங்கி வந்தது. இவர் காரை விட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். "டீக் ஹை, சரி. திரும்பலாம்" என்றார். எலுமிச்சஞ்சாதத்தைப் பெட்ரோல் பங்க் ஓரத்தில் உட்கார்ந்து தின்றோம். எனக்கு வந்த எரிச்சலில் வறுவலைக்கூட யாருக்கும் நான் பரிமாறவில்லை, டப்பாவை நடுவில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பார்த்தால் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். சினிமாவுக்குப் போனால் இடைவேளைதான் திரும்புகிற இடம். அதுவரை படம் பிடிக்கவில்லை என்றால் பாப்கார்னைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து வந்துவிடுவார். மீன் மார்க்கெட்டுக்குப் போனால் கடைசி சிக்னல். அங்கே வண்டிகள் தேங்கி நின்றால் அன்றைக்கு அவர்கள் வீட்டில் ரசமும் அப்பளமும். "பாதி சினிமா, பாதி மலை, பாதி மார்க்கெட். கல்யாணத்துல தாலியை மட்டும் எப்படியோ முழுசாக் கட்டிட்டாரு, போ" என்று அக்கா முறத்தில் அரிசியைத் தட்டிக்கொண்டே சொல்வார். கேப்டன் சார் அதைக் கேட்டுச் சிரிப்பார். கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

கோபப்பட்டதெல்லாம் நான்தான். அதற்கும் காரணம் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் கட்டுமானச் சாமான் விற்கிற கம்பெனி ஒன்றில் கணக்கராக இருந்தார். அபுதாபியில் ஒரு பெரிய கம்பெனி இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. அந்த வேலை கிடைத்தால் ஃபேமிலி விசா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நான் சாமியெல்லாம் கும்பிட்டு, சட்டையை இஸ்திரி போட்டு, விபூதி வைத்து அனுப்பினேன். ஜனவரி மாதம், காலையில் பனிமூட்டம். கீழே காரை எடுக்கும்போது கேப்டன் சார் எதிர்ப்பட்டு, "திரும்புற இடம்?" என்று கேட்டிருக்கிறார். இவரும் போகிற போக்கில், அபுதாபி ரோட்டில் வருகிற "ஜெபல் அலி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொன்னவர் சும்மா இருக்க வேண்டாமா? ஜெபல் அலி வந்ததும் எதிரே வண்டி தெரியவில்லையாம். மனுஷனுக்கு வாயால் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்து, காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் வெயில் வந்து பனி விலகிவிட்டது. அந்த ரோட்டில் அன்றைக்கு ஒரு விபத்தும் இல்லை. ஒரு பம்பர்கூட நசுங்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

நான் நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். பால்கனியில் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமே ஆகல சார். போனவங்க எல்லாரும் நல்லபடியா போய்ச் சேந்துட்டாங்க. இவரு மட்டும்தான் வீட்ல உக்காந்திருக்காரு" என்றேன்.

"ஒண்ணும் ஆகலைன்னு இப்ப தெரியுதும்மா. அப்ப தெரியாதே."

"என்னத்த தெரியாது? இப்படிப் பயந்துக்கிட்டு நீங்க எப்படித்தான் மிலிட்டரியில இருந்தீங்க?"

கேட்டுவிட்டேன். அடுப்படியில் அக்காவின் கரண்டிச் சத்தம் நின்றது. அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். முகம் மாறவில்லை. "உக்காரும்மா" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் பேச ஆரம்பித்தார்.

எண்பதுகளில், தென்துருவப் பக்கம் அண்டார்டிகாவுக்குப் போன நம்முடைய ஆராய்ச்சிக் குழுவோடு அவரை அனுப்பியிருக்கிறார்கள். கப்பல் பனிக்கட்டியின் ஓரத்தில் நிற்கும். அங்கிருந்து ஆட்களையும் சாமான்களையும் ஹெலிகாப்டரில் உள்ளே கொண்டு சேர்ப்பது இவர்களுடைய வேலை. உள்ளே தள்ளி மலைப்பக்கம் ஒரு கூடாரம் போட்டு, பாறைகளை ஆராய்கிற விஞ்ஞானிகளையும் துணைக்கு ராணுவ வீரர்களையும் இறக்கிவிட்டிருந்தார்கள். புயல் வரப்போகிறது, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று இவருக்கு உத்தரவு.

"அங்க கோடையில சூரியன் மறையவே மறையாதும்மா. ராத்திரியே கிடையாது. ஆனா மேகம் கீழ எறங்கிடுச்சுன்னா மேலயும் வெள்ளை, கீழயும் வெள்ளை. நிழல் விழாது. தரை எங்க இருக்குன்னே தெரியாது. கறுப்புத் துணியில சின்னச் சின்ன மூட்டை கட்டி வெச்சிருப்போம். கீழ போட்டா, அது எங்க விழுந்து நிக்குதோ அதான் தரை. அன்னிக்குப் போட்டேன். ஒண்ணுகூட நிக்கல. கைய விட்டதும் காணாமப் போச்சு."

"அப்பறம்?"

"கிளம்பறப்பவே திரும்புற இடம் வெச்சிருந்தேன். ஒரு கறுப்புப் பாறை முகடு. அது கண்ணுல பட்டா மேல போறது, படலன்னா திரும்பறது. படல. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போய்ப் பாத்தேன். தேடிப் பாத்தேன். திரும்பிட்டேன்."

அதன் பிறகு புயல் பிடித்துக்கொண்டது. அது ஓய்ந்ததும் இவரே மறுபடி போய் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். ஒரு ஜவானுக்கு மட்டும் குளிரில் கால் விரல்கள் கறுத்துப்போய், கப்பல் டாக்டர் எடுத்துவிட்டார். யாரும் இவரைக் குற்றம் சொல்லவில்லை. திரும்பியது சரி என்று மேலதிகாரி தோளில் தட்டியும் கொடுத்தாராம்.

"அதான் சரின்னு சொல்லிட்டாங்களே சார். அப்பறம் என்ன?"

"அந்தக் கூடாரத்துல இருந்தவங்களுக்கு என் சத்தம் கேட்டுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியணும்" என்றார். "கேக்கலன்னா நான் தூரத்துலயே இருந்திருக்கேன், திரும்பினது சரி. கேட்டுச்சுன்னா அவங்க பக்கத்துல போயிட்டேன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா எறங்கியிருப்பேன். அந்தப் பையனோட விரல நான் எடுத்தேன்னு அர்த்தம்."

"அவங்கள்ட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கலாம். ஊர் திரும்பற வரைக்கும் ஒரே கப்பல்தான். அவன் படுத்திருந்த பக்கம் நான் போகவே இல்ல."

வாசலில் அக்கா வந்து நின்றிருந்தார். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, "மீதியையும் சொல்லுங்க" என்றார். கேப்டன் சார் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்காதான் சொன்னார்.

அக்காவின் தம்பி மஸ்கட்டில், ரூவியில் எலக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருந்தார். அவர் வீட்டுக் கூடத்தில் அக்காவின் குடும்பப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது, கேப்டன் சார் யூனிஃபார்மில். கடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பழுதுபார்க்கிற மெக்கானிக் ஒருவர், சிவகங்கைப் பக்கத்து ஆள், ஒரு நாள் வயர் இழுக்க வீட்டுக்கு வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாராம். "இந்த ஆபீசர் சாபை எனக்குத் தெரியுமே" என்றாராம். விரல் போன ஜவான் அவர்தான். பட்டாளத்திலிருந்து வந்தபின் வளைகுடாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

"தம்பி போன்ல சொன்ன நாள்லேந்து ரூவிக்குப் போகணும்னு இவருதான் துடிக்கிறாரு. கிளம்பறாரு. ஒவ்வொரு தடவையும் திரும்புற இடம், ஓமன் எல்லைக்கு முன்னாடி இருக்கிற ஹத்தா. ஒரு தடவை மழை வரும்னாரு. ஒரு தடவை காத்து. ஒரு தடவை கார்ல ஏதோ சத்தம் வருதுன்னாரு. என் தம்பி வீட்டு வாசல்படி எப்படி இருக்கும்னு எனக்கு இன்னும் தெரியாது" என்றார் அக்கா. அவர் கண் கலங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இண்டர்வியூ போன கோபம் எனக்கு அதோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். ஒரு வாரம் இருந்தது. ஆனால் அந்த மனிதரை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. மலைக்கும் மார்க்கெட்டுக்கும் திரும்பி வந்தவர் வேறு, ஹத்தாவில் திரும்பி வந்தவர் வேறு என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. முதல் ஆளுக்கு எது ஆபத்து என்று தெரியும். இரண்டாவது ஆள் பதிலுக்குப் பயந்தவர்.

அந்த வருஷம் டிசம்பரில் அக்காவின் தம்பி பையனுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. "இந்தத் தடவை நீங்களும் வாங்க, உங்க கார்லயே போவோம்" என்று அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னார். ஸ்டியரிங் அவர் கையில் இல்லாவிட்டால் திரும்ப மாட்டார் என்று அக்காவின் கணக்கு. பிள்ளையை என் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் அவர்கள் இருவரோடும் கிளம்பினோம். வழக்கம்போல சோபா, டீ. "ஹத்தா ரவுண்டானா. மலைமேல மேகம் இருந்தா திரும்பணும்" என்றார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். ஜெபல் அலியில் திரும்பியவர் இல்லையா, எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வராது.

செம்மண் நிறத்து மணல்மேடுகளெல்லாம் தாண்டி ஹத்தா வந்தது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ரவுண்டானா ஓரத்தில் காரை நிறுத்தினோம். கேப்டன் சார் இறங்கி, இடுப்பில் கை வைத்து, மலையைப் பார்த்தார். ஒரு மலைக்குப் பின்னால் வெள்ளையாய் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மேகம் இருக்கு. திரும்பலாம்" என்றார்.

"சார், அது மேகமா? எங்க ஊர்ல பஞ்சு மிட்டாய்க்காரன் இதைவிடப் பெருசா சுத்துவான்" என்றேன் நான். அடக்க முடியவில்லை.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பெல்ட்டும் போட்டுக்கொண்டார். அக்கா இறங்கினார். எதிரே இருந்த டீக்கடைக்குப் போய், வெளியே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பர்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறந்தநாள் பரிசு பையில் அவர் காலடியில் இருந்தது. கடைக்காரர் கேட்காமலே ஒரு சுலைமானி, பாலில்லாத டீ, கொண்டுவந்து வைத்தார். அக்கா அதைத் தொடவில்லை.

கடைசியில் கேப்டன் சார் இறங்கி அவர் முன்னால் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன், சண்டை வந்தால் விலக்கலாம் என்று. சண்டை வரவில்லை.

அக்கா தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "அங்க திரும்பினீங்க. சரி. ஆனா புயல் நின்னதும் மறுபடி போனீங்கல்ல? நீங்களேதான போனீங்க? வேற யாரையும் அனுப்பலியே. இங்க மட்டும் ஏங்க திரும்பினா திரும்பினதாவே இருக்குது?"

கடைக்குள் அரபிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கேப்டன் சார் குனிந்து அந்தப் பரிசுப் பையை எடுத்துக்கொண்டார்.

"அடுத்த இடம் எல்லை. அங்க போய்ப் பாக்கலாம்" என்றார்.

எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி வாங்கினோம். வெளியே வந்ததும் காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி வானத்தைப் பார்த்தார். "டீக் ஹை. அடுத்தது சோஹார்." சோஹாரில் கடல் ஓரமாக நிறுத்தினோம். பார்த்தார். "அடுத்தது பர்கா." பர்காவில் அவர் இறங்கவே இல்லை. சீட்டில் உட்கார்ந்தபடி கண்ணாடி வழியாகப் பார்த்தார். என் வீட்டுக்காரர் இன்ஜினை அணைக்காமல் காத்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி வாயைப் புடவையால் மூடிக்கொண்டிருந்தார். வழி நெடுக அந்த மனிதர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. "போகலாம்" என்றார், மெதுவாக. அடுத்த இடம் எது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்து ரூவிதான்.

தம்பி வீடு கடைக்கு மேலே. பலூன் கட்டி, கேக் வைத்து, வீடு நிறையப் பிள்ளைகள். அக்கா வாசல்படியில் ஒரு நிமிஷம் நின்று, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் பார்த்தேன்.

மெக்கானிக்கைக் கூப்பிடக் கீழே ஆள் அனுப்பினார்கள். கறுத்து, கட்டையாக, என் வீட்டுக்காரர் வயதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பார். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்தவர், கேப்டன் சாரைப் பார்த்ததும் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். இவரும் அடித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். நடக்கும்போது மெக்கானிக்கின் கால் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. தெரியாதவர்களுக்குத் தெரியாது.

இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. மெக்கானிக்தான் முதலில் பேசினார், சிரித்துக்கொண்டே.

"வர்றாக, வர்றாகன்னு கடைக்கார அண்ணன் சொல்லுவாரு சாப். நான் வேலையப் போட்டுட்டு, மூஞ்சி கழுவிட்டு, வாசல்ல வந்து நிப்பேன். அப்பறம் போன் வரும், பாதியில திரும்பிட்டாகன்னு. பரவாயில்ல, நமக்குப் பழக்கம்தானன்னு உள்ள போயிருவேன்."

அவர் குத்திக்காட்டவில்லை. விளையாட்டாகத்தான் சொன்னார். கேப்டன் சார் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளுங்க சாப்."

"நான் திரும்பின அன்னிக்கு, கூடாரத்துல உங்களுக்கு என் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுச்சா?"

மெக்கானிக் முகத்திலிருந்து சிரிப்புப் போய்விட்டது. இல்லைன்னு சொல்லுய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும், இல்லைன்னு சொல்லிரு என்று நான் மனசுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அக்கா என் கையைப் பிடித்திருந்தார். அவர் நகம் என் கையில் பதிந்தது.

"கேட்டுச்சு சாப்" என்றார் மெக்கானிக்.

"நல்லா கேட்டுச்சா?"

"தலைக்கு மேலயே கேட்டுச்சு. வயர்லெஸ் செத்துப் போய்க் கிடந்துச்சு, நாங்க இங்கதான் இருக்கோம்னு சொல்ல வழியில்ல. எல்லாரும் வெளிய ஓடியாந்து கத்துனோம், தட்ட எடுத்துத் தட்டுனோம். ஒண்ணும் தெரியல, வெறும் வெள்ளை. சத்தம் மட்டும் சுத்துச்சு. அப்பறம் அது போயிருச்சு." அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். "நான் பூட்ஸ் மாட்டாம, சாக்ஸோட ஓடியாந்துட்டேன் சாப். சத்தம் போனப்பறமும் நின்னுக்கிட்டே இருந்தேன். வருவீகன்னு. உள்ள இழுத்துட்டுப் போனாக. விரல் அப்பப் போனதுதான்."

கேக் வெட்டக் கூப்பிட வந்த தம்பி, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

"உங்களத் திட்டாத திட்டு இல்ல. தப்பா எடுத்துக்காதீக" என்றார் மெக்கானிக். "ஆனா ஒண்ணு சொல்லணும் சாப். இதச் சொல்லத்தான் நான் ஒவ்வொரு தடவையும் வாசல்ல வந்து நின்னது. அன்னிக்குக் காலையில நாங்க நடந்தே கிளம்புறதா முடிவு பண்ணிட்டோம். அடுப்பு எண்ணெய் தீரப் போகுது, நம்மள மறந்துட்டாகன்னு நெனச்சோம். மூட்டை கட்டியாச்சு. கயித்துல ஒருத்தர ஒருத்தர் கட்டிக்கக் கயிறுகூட எடுத்துட்டோம். அப்பத்தான் நீங்க வந்தீக. வந்து போயிட்டீக. ஆனா வந்தீகள்ல? வந்தவுக மறுபடி வருவாகன்னு எங்க விஞ்ஞானி ஐயா சொன்னாரு. மூட்டைய அவுத்துட்டோம். அன்னிக்கு மத்தியானம் புயல் பிடிச்சுச்சு. நடந்திருந்தா ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டோம்."

அக்கா அழுதுகொண்டிருந்தார். நானும்தான். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கேப்டன் சாருக்கு அந்த இரண்டாவது பாதி காதில் விழுந்ததா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவர் மெக்கானிக்கின் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காட்டு" என்றார்.

"எதுக்கு சாப்..."

"காட்டுப்பா."

மெக்கானிக் தயங்கி, குனிந்து, ஷூவைக் கழற்றினார். முனையில் துணி அடைத்த சாக்ஸ். அதையும் உருவினார். பாதம் நடுவிலேயே நின்றுவிட்ட மாதிரி, விரல் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று தோல் மூடியிருந்தது. கேப்டன் சார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சோபாவிலிருந்து இறங்கித் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். "சாப், வேணாம் சாப், எந்திரிங்க" என்று மெக்கானிக் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவர் விடவில்லை. அந்தக் காலின் மேல் தன் உள்ளங்கையை வைத்து, விரல் இல்லாத அந்த ஓரத்தை முழுசாக மூடிக்கொண்டார்.

"சூடா இருக்கு" என்றார்.

"ரூவியில குளிருமா சாப்?" என்றார் மெக்கானிக். சிரிக்கப் பார்த்தார்.

"சூடாத்தான் இருக்கு" என்றார் கேப்டன் சார் மறுபடியும், தனக்குள்ளே சொல்லிக்கொள்கிற மாதிரி. உள்ளே பிள்ளைகள் கேக்குக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் கையை எடுக்கவில்லை.